ஒரே ஒரு காலைப்பொழுதை வச்சு ஃப்ரெஞ்ச் இறந்தகாலம் கத்துக்க முடியுமா?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. பாரிஸ்ல லா ஷப்பெல் பக்கம் வேலை பாக்குறீங்க, ஃப்ரெஞ்ச்ல ஏ2 நிலை முடிச்சாச்சு, அடுத்த நிலையான பி1 பரீட்சை எழுதணும். வினை திரிபு எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க, ஆனா ஒரு சம்பவத்தை நாலு வரி எழுதுன்னு சொன்னா எங்க பாஸே கொம்போஸே (நடந்து முடிஞ்ச சம்பவத்தைச் சொல்ற இறந்தகாலம்) போடணும் எங்க அம்பர்ஃபே (அப்போ இருந்த நிலைமையைச் சொல்ற இறந்தகாலம்) போடணும்னு தெரியாம கை நின்னுடுது. யாரோ ஒருத்தர் "புரட்சி வரலாறு படிங்க, தானா வந்துடும்"னு சொல்லி, நீங்களும் பாரிஸ் கம்யூன் (1871ல பாரிஸ் ஜனங்க எழுந்து நகரத்தை கொஞ்ச நாள் தாங்களே ஆண்டது) பத்தி ஒரு புத்தகத்தை எடுத்து பிரிச்சா அதுல நீங்க படிக்காத மூணாவதா ஒரு இறந்தகாலம் பக்கம் முழுக்க இருக்கு. இது வீண் வேலையா, இல்ல உருப்படியா எப்படி செய்யணும்னு கேக்குறீங்க. வீண் வேலை இல்ல, ஆனா "தானா வந்துடும்"ங்கிறதை மட்டும் நம்பாதீங்க, தானா எதுவும் வராது, வேற மாதிரி படிக்கணும்.

புதுச்சேரியில பெரியவங்களுக்கு ஃப்ரெஞ்ச் சொல்லிக்கொடுக்கறதுதான் பல வருஷமா எனக்கு வேலை. சின்னப் பசங்களுக்கு எடுத்ததில்ல, அதனால நான் சொல்றது உங்களை மாதிரி வேலை பாத்துக்கிட்டே படிக்கறவங்களுக்குத்தான் பொருந்தும். இந்த பாடத்துக்கு நான் எடுத்துக்கிறது கம்யூன் முழுக்க இல்ல, அதோட முதல் நாள் மட்டும், அதாவது 1871 மார்ச் 18, அதுலயும் முக்கியமா காலைப்பொழுது. ஒரு ராஜாவோட வாழ்க்கை வரலாறை எடுத்தா பிறந்தார் வளர்ந்தார் ஜெயிச்சார் செத்தார்னு வரிசையா போகும், நீங்க யோசிக்கவே வேண்டாம். ஒரு எழுச்சியை எடுத்தா அப்படி தப்பிக்க முடியாது, ஏன்னா ரொம்ப நாளா இருந்த ஒரு நிலைமை, அதுக்கும் முன்னாடி நடந்த ஒரு அநியாயம், திடீர்னு ஒரு சம்பவம், கூட்டத்துல கிளம்புன வதந்தி, பிறகு என்ன ஆச்சுங்கிறது எல்லாமே ஒரே பக்கத்துல வந்து நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஃப்ரெஞ்ச்ல வேற வேற காலம் தேவைப்படும்.

முதல்ல கதையை தமிழ்லயே தெளிவா வச்சுக்கங்க. 1870 ஜூலைல ஃப்ரான்ஸ் பேரரசர் மூணாம் நெப்போலியன் பிரஷ்யா (ஜெர்மன் அரசு) மேல போர் அறிவிச்சார், செப்டம்பர் ஆரம்பத்துல செடான்ல தோத்து அவரே கைதியாயிட்டார், 4ஆம் தேதி பாரிஸ்ல குடியரசு அறிவிச்சாங்க, ஆனா போர் நிக்கல. 19ஆம் தேதிலேர்ந்து பிரஷ்யப் படை பாரிஸை சுத்தி வளைச்சிடுச்சு, 1871 ஜனவரி 28 போர்நிறுத்தம் வரைக்கும் முற்றுகைதான். குளிர்காலம், உள்ள சாப்பாடு கிடையாது, குதிரை, நாய், பூனை, எலின்னு எல்லாத்தையும் தின்னாங்க, விலங்குக் காட்சிசாலையில இருந்த காஸ்தோர், பொல்யூக்ஸ்னு ரெண்டு யானைங்களைக் கூட கொன்னு கறியா வித்தாங்க. நகரத்தை காத்தது தேசியக் காவல்படை, அதாவது துப்பாக்கி வச்சிருந்த சாதாரண ஜனங்க, வேலையில்லாத நேரத்துல அவங்களுக்கு தினம் 30 சூ (சூங்கிறது ஒரு சின்ன காசு) கூலிதான் பிழைப்பு. பீரங்கி வார்க்க ஊர் மக்களே சந்தா போட்டு பணம் குடுத்திருந்தாங்க. பிப்ரவரி தேர்தல்ல நாட்டுப்புறத்து ஓட்டுல மன்னராட்சி ஆதரவாளர்ங்க பெரும்பான்மையா வந்தாங்க, அடோல்ஃப் தியேர் அரசுத் தலைவர் ஆனார். மார்ச் 1ஆம் தேதி பிரஷ்யப் படை நகரத்துக்குள்ள அணிவகுத்து வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் அவங்க கையில சிக்கக்கூடாதுன்னு ஜனங்க பீரங்கிங்களை மோன்மார்த்ர், பெல்வீல் மேடுகளுக்கு இழுத்துட்டு போயிட்டாங்க. அந்த பீரங்கிங்களை திருப்பி எடுக்கத்தான் தியேர் மார்ச் 18 விடியறதுக்கு முன்னாடி ராணுவத்தை அனுப்பினார்.

சிப்பாய்ங்க மேட்டுக்கு ஏறினாங்க, பெருசா எதிர்ப்பு இல்லாம பீரங்கிங்களை பிடிச்சும் போட்டாங்க. ஆனா இழுத்துட்டு போக குதிரைங்க நேரத்துக்கு வந்து சேரல. அதுக்குள்ள விடிஞ்சிருச்சு, தெருவுல ஆள் நடமாட்டம் ஆரம்பிச்சு சேதி பரவ, முரசு அடிச்சாங்க, பெண்கள் கூட்டமா வந்து சிப்பாய்ங்களுக்கு நடுவுல புகுந்துட்டாங்க, அதுல பள்ளி ஆசிரியை லூயிஸ் மிஷெலும் உண்டு. தளபதி லகோம்த் சுடச் சொன்னார், சிப்பாய்ங்க சுட மாட்டேன்னுட்டாங்க, துப்பாக்கியை கட்டைப்பக்கம் மேல வர்ற மாதிரி திருப்பிப் பிடிச்சாங்க. சாயங்காலம் லகோம்தையும் இன்னொரு தளபதி க்ளெமான்-தோமாவையும் ஒரு தோட்டத்துல வச்சு சுட்டுக் கொன்னாங்க. தியேர் பாரிஸ் பக்கத்துல இருக்கிற வெர்சாய்க்கு ஓடிப்போனார். ராத்திரி நகர மண்டபம் காவல்படை கையில. 26ஆம் தேதி தேர்தல், 28ஆம் தேதி கம்யூன் பிரகடனம். கம்யூன்னா இங்க நகராட்சின்னு அர்த்தம், புதுச்சேரியில இன்னைக்கும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துன்னு சொல்றோமே அதே சொல்லுதான், கம்யூனிசத்தோட போட்டு குழப்பிக்க வேண்டாம்.

இப்ப இலக்கணத்துக்கு வருவோம். ஃப்ரெஞ்ச் வாக்கியங்களை உச்சரிப்புப்படி தமிழ்ல தர்றேன், எழுத்துக்கூட்டலை நீங்க நோட்டுல சரி பாத்து எழுதிக்கங்க.

ரொம்ப பேர் மனசுல பதிஞ்சு போன ஒரு விதி, நீண்ட நேரம் நடந்தா அம்பர்ஃபே, சட்டுன்னு முடிஞ்சா பாஸே கொம்போஸேன்னு. இதை முதல்ல தூக்கிப் போடுங்க. கம்யூன் மார்ச் 18லேர்ந்து மே 28 வரைக்கும் 72 நாள் இருந்துச்சு, ஃப்ரெஞ்ச்ல அதை 'லா கொம்யூன் ஆ த்யூரே சுவாஸாந்த்-தூஸ் ழூர்'னு பாஸே கொம்போஸேலதான் சொல்லணும், நூறு வருஷப் போரா இருந்தாலும் அப்படித்தான். ஏன்னா ஆரம்பமும் முடிவும் தெரிஞ்ச ஒரு முழு விஷயமா வெளியில நின்னு பாக்குறீங்க. அதே சமயம் சிப்பாய்ங்க குதிரைக்கு காத்துக்கிட்டு இருந்தது சில மணி நேரம்தான், அதை 'இல்ஸ் அத்தான்தே லே ஷெவோ'ன்னு அம்பர்ஃபேல சொல்லுவோம், ஏன்னா அந்த காத்திருப்புக்கு நடுவுலதான் கூட்டம் வந்து சேர்ந்துச்சு. அதனால நேரத்தை அளக்காதீங்க. ஒவ்வொரு வினைக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க. "அடுத்து என்ன ஆச்சு?"ங்கிறதுக்கு இந்த வினை பதிலா? அப்ப பாஸே கொம்போஸே. "அப்போ நிலைமை எப்படி இருந்துச்சு?"ங்கிறதுக்கு பதிலா? அப்ப அம்பர்ஃபே. பாரிஸ் பசியில கிடந்தது, குளிரடிச்சது, ஜனங்களுக்கு அரசாங்கத்து மேல நம்பிக்கை இல்ல, இதெல்லாம் ரெண்டாவது கேள்விக்கு பதில். ராணுவம் ஏறினது, பெண்கள் வந்தது, லகோம்த் உத்தரவு போட்டது எல்லாம் முதல் கேள்விக்கு பதில். கதையில கடிகார முள்ளை நகர்த்துற வினை எது, நகர்த்தாத வினை எதுன்னு பிரிச்சிட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி.

இந்த முழு பாடத்துலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, அங்க கொஞ்சம் நிக்கணும். சிப்பாய்ங்க சுடல. இதை ஃப்ரெஞ்ச்ல ரெண்டு விதமா சொல்லலாம். 'லே ஸோல்தா ந வூலே பா திரே'ன்னு அம்பர்ஃபேல சொன்னா, அவங்களுக்கு சுட மனசு இல்லன்னு மட்டும்தான் அர்த்தம், மனசு இல்லாமயே உத்தரவுக்கு பயந்து சுட்டிருக்கவும் கூடும், கதை இன்னும் முடியல. 'லே ஸோல்தா நோன் பா வூல்யூ திரே'ன்னு பாஸே கொம்போஸேல சொன்னா, அவங்க சுட மறுத்துட்டாங்க, விஷயம் முடிஞ்சுபோச்சு. தமிழ்ல "சுட மனசில்லாம இருந்தாங்க"ங்கிறதுக்கும் "சுட மாட்டேன்னுட்டாங்க"ங்கிறதுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இது. மார்ச் 18 காலையில அந்த மனசு எந்த நிமிஷத்துல செயலா மாறுச்சோ அந்த நிமிஷம்தான் பாரிஸ்ல அரசாங்கம் கைமாறினது, அதை அந்த மொழி ஒரு வினையோட திரிபுலயே காட்டிடுது. இதே மாதிரி இன்னும் மூணு வினைங்க இருக்கு, நாலையும் ஒண்ணா படிங்க. ஸவுவார்: அம்பர்ஃபேல 'ஸவே'ன்னா முன்னாடியே தெரியும், பாஸே கொம்போஸேல 'ஆ ஸ்யூ'ன்னா தெரிய வந்துச்சு. புவுவார்: 'புவே'ன்னா முடியுற நிலையில இருந்தாங்க, 'ஓன் ப்யூ'ன்னா செஞ்சே முடிச்சாங்க. பயப்படுறதும் அப்படித்தான், 'அவே பெர்'னா பயந்த நிலையில இருந்தாங்க, 'ஓன்த் யூ பெர்'னா சட்டுன்னு பயந்துட்டாங்க. பரீட்சை திருத்துறவங்க பாக்குற இடமும் இதுதான், இந்த நாலு வினையையும் சரியா போட்டவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்குன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிடும்.

அடுத்து ப்ளூஸ்-க-பர்ஃபே. இதை பாடப்புத்தகத்துல கடைசியில ஒரு மூலையில போட்டு வைப்பாங்க, ஆனா எழுச்சியோட கதையில இது இல்லாம நியாயமே புரியாது. மோன்மார்த்ர் ஜனங்களுக்கு ஏன் அவ்ளோ கோவம்? ஏன்னா அந்த பீரங்கிங்களுக்கு அவங்களே பணம் குடுத்திருந்தாங்க, 'இல்ஸ் அவே பேயே லே கனோன்'. இதை பாஸே கொம்போஸேல போட்டீங்கன்னா ராணுவம் வந்தது, ஜனங்க பணம் குடுத்தாங்கன்னு வரிசை தலைகீழா ஆகி, ஏதோ லஞ்சம் குடுத்து ராணுவத்தை அனுப்பி வச்ச மாதிரி ஆயிடும். கதை ஓடிக்கிட்டு இருக்கும்போது அதுக்கும் முன்னாடி முடிஞ்சுபோன ஒரு விஷயத்தை எட்டி எடுத்துக் காட்டத்தான் இந்தக் காலம். நம்ம "குடுத்திருந்தாங்க" பெரும்பாலும் இதுக்கு சரியா பொருந்தும், ஆனா கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. "நேத்து மாமா வீட்டுக்கு வந்திருந்தார்"னு சும்மா சொல்றோமே, அதை ப்ளூஸ்-க-பர்ஃபேல சொன்னா கேக்குற ஃப்ரெஞ்ச்காரங்க "சரி, அவர் வந்திருந்தார், அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"ன்னு மீதியை எதிர்பாத்துக்கிட்டே இருப்பாங்க. அந்த வாக்கியத்துக்கு சாதாரண பாஸே கொம்போஸேதான்.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, வகுப்புல யாரும் எடுத்துச் சொல்றதில்லன்னு எனக்கு வருத்தம். இங்கிலீஷ் வழியா ஃப்ரெஞ்ச் படிக்காம தமிழ் வழியா யோசிச்சுப் பாருங்க. "அந்தக் காலத்துல எங்க தாத்தா தினம் சந்தைக்கு போவார், வழியில ஒரு டீ குடிப்பார்"னு பழசைப் பேசும்போது நாம இறந்தகாலமே போடுறதில்ல, போவார், குடிப்பார்னுதான் சொல்றோம். அந்த இடத்துல எல்லாம் ஃப்ரெஞ்ச்ல அம்பர்ஃபே. முற்றுகை சமயத்துல பெண்கள் விடியறதுக்கு முன்னாடியே ரொட்டிக்கடை வாசல்ல வரிசையில நிப்பாங்க, காவல்படைக்காரர் கோட்டை மதில்ல காவலுக்கு போவார், சாயங்காலம் கூட்டங்கள்ல ஆளுக்கு ஆள் பேசுவாங்க, எல்லாமே அம்பர்ஃபே. "தியேருக்கு அது தெரியும்"ங்கிறதும் அப்படித்தான், போன நூற்றாண்டுக்கும் முந்தின கதையா இருந்தாலும் தெரியும்னுதான் சொல்றோம், அங்க 'ஸவே'. இன்னொண்ணு, "நாலு மாசமா"ங்கிறதுக்கும் "நாலு மாசம்"ங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். "பிரஷ்யர்ங்க நாலு மாசமா முற்றுகை போட்டுக்கிட்டு இருந்தாங்க"ன்னா 'தப்வீ' போட்டு அம்பர்ஃபே. "நாலு மாசம் முற்றுகை போட்டாங்க"ன்னா 'பான்தான்' போட்டு பாஸே கொம்போஸே. அந்த ஒரு நெடில் நம்ம காதுல விழுந்தா போதும், தப்வீயா பான்தானான்னு அதுவே சொல்லிடும். இந்த ரெண்டு சொல்லையும் மாத்திப் போடுறது பி1 அளவுல அடிக்கடி வர்ற தப்பு. ஆனா தமிழ் "இருந்தேன்" கிட்ட மட்டும் ஜாக்கிரதை, அதை பாத்தவுடனே அம்பர்ஃபே போடக்கூடாது. "மூணு நாள் காய்ச்சலா இருந்தேன்"னா அளவு குறிச்சாச்சு, அதனால 'ழே எதே மலாத் பான்தான் த்ருவா ழூர்', பாஸே கொம்போஸேதான்.

பாஸே கொம்போஸேல அவுவாருக்கு பதிலா எத்ர்ங்கிற துணைவினை போடுற வினைங்க பட்டியலை மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, அதையும் இந்த மேட்டுலயே சரி பாத்துக்கலாம். சிப்பாய்ங்க மேல ஏறினாங்க, 'லே ஸோல்தா ஸோன் மோன்தே', இது எத்ர். கொஞ்சம் பீரங்கிங்களை கீழ இறக்கினாங்க, 'இல்ஸ் ஓன் தெஸான்த்யூ தே கனோன்', இது அவுவார். ஏறுறது, இறங்குறது, உள்ள போறது, வெளிய போறது, இதெல்லாம் ஆள் தானே செஞ்சா எத்ர், ஒரு பொருளை ஏத்தினா இறக்கினா அவுவார். ஏறினாங்க, ஏத்தினாங்கன்னு தமிழ்ல நாம சொல்லையே மாத்திடுறோம், அவங்க துணைவினையை மாத்துறாங்க. ஒருமை பன்மை ஆண்பால் பெண்பால் ஒட்டு விஷயம் எழுத்துலதான் பெரும்பாலும் தெரியும், பேச்சுல தெரியாது, அதை இப்போதைக்கு பெருசா கவலைப்பட வேண்டாம், எழுதி முடிச்சப்புறம் கடைசியா ஒரு தடவை அதுக்காகவே படிச்சு சரி பண்ணுங்க.

இனி உங்களை பயமுறுத்தின அந்த மூணாவது காலம், பாஸே ஸாம்ப்ல். வரலாறும் நாவலும் எழுத்துல பாஸே கொம்போஸேக்கு பதிலா இதைத்தான் பயன்படுத்தும், தெருவுல வீட்டுல ஆபீஸ்ல பேச்சுல இது கிடையாது. இதை நீங்க எழுத வேண்டாம், பேச வேண்டவே வேண்டாம், பி1 பரீட்சையில யாரும் உங்ககிட்ட எதிர்பாக்கவும் மாட்டாங்க, கண்ணால பாத்தா அடையாளம் தெரிஞ்சா போதும். அதுலயும் படர்க்கை ஒருமை பன்மை ரெண்டு மட்டும் போதும். லகோம்த் உத்தரவிட்டார்ங்கிறது 'ஓர்தொனா', சிப்பாய்ங்க மறுத்தாங்கங்கிறது 'ரஃப்யூஸேர்', எடுத்தாங்க 'ப்ரீர்', செஞ்சார் 'ஃபி', இருந்தார் 'ஃப்யூ'. இந்த கடைசி ரெண்டையும் மாத்திப் படிச்சா வாக்கியமே புரியாது, அதனால அதை மட்டும் தனியா எழுதி சுவத்துல ஒட்டி வைங்க. நல்ல சேதி என்னன்னா அம்பர்ஃபேயும் ப்ளூஸ்-க-பர்ஃபேயும் அப்படியே இருக்கும், பாஸே கொம்போஸே உக்காந்த நாற்காலியில மட்டும் பாஸே ஸாம்ப்ல் உக்காந்திருக்கும். அதனால எழுத்தாளர் எதை சம்பவமா நினைக்கிறார் எதை நிலைமையா நினைக்கிறார்னு பக்கத்தை பாத்த உடனே தெரிஞ்சிடும், பாஸே கொம்போஸேல எழுதின பாடத்தைவிட இதுல இன்னும் தெளிவா தெரியும். கத்துக்கறவங்களுக்கு வரலாற்று நூல் உதவுறதுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் உங்களை குழப்பும், முன்னாடியே சொல்லிடுறேன். இப்போ எழுதுற வரலாற்று ஆசிரியர்ங்க நிறைய பேர் நிகழ்காலத்துலயே கதை சொல்லுவாங்க, தியேர் ராணுவத்தை அனுப்புறார், ஜனங்க எழுந்திரிக்கிறாங்கன்னு. பரவால்ல, அது நமக்கும் பழக்கம்தான். ஆனா திடீர்னு எதிர்காலம் வரும். 'லூயிஸ் மிஷெல் ஸரா தெபோர்தே', அதாவது நாடு கடத்தப்படுவார், எழுதினவர் 2000க்கு அப்புறம் எழுதுறார், நாடு கடத்தினது 1873ல, இருந்தும் எதிர்காலம். கதை நிக்கிற நாள்லேர்ந்து பின்னாடி நடக்கப்போறதை எட்டிப் பாக்குறது அது, அவ்ளோதான். லூயிஸ் மிஷெலை தெற்கு பசிபிக்ல இருக்கிற நியூ கலிடோனியா தீவுக்கு அனுப்பினாங்க, 1880ல பொதுமன்னிப்பு வந்தப்புறம்தான் திரும்பி வந்தார். அப்புறம் சில சமயம் "மே 28ஆம் தேதி கம்யூன் விழுந்தது"ன்னு ஒரே நாள் சம்பவத்தை வேணும்னே அம்பர்ஃபேல எழுதுவாங்க, பத்திரிகைல நிறைய பாக்கலாம். அது ஒரு நடை, பாக்கும்போது தெரிஞ்சுக்கங்க, நீங்க அப்படி எழுதிப் பாக்காதீங்க, பரீட்சையில அது தப்பாத்தான் தெரியும்.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படுறது, சந்தேகத்துக்குன்னு ஃப்ரெஞ்ச்ல வச்சிருக்கிற காலம். எந்த எழுச்சியைப் பத்தி படிச்சாலும் உறுதியா தெரிஞ்சது கொஞ்சம், கைமாறி வந்த கதை கொஞ்சம்னு கலந்துதான் இருக்கும். லகோம்த் சுடச் சொன்னதும் சிப்பாய்ங்க சுடாததும் உறுதி. மூணு தடவை உத்தரவு போட்டார்ங்கிறது பரவலா சொல்லப்படுற கதை. தளபதிங்க ரெண்டு பேரையும் கொன்னது உறுதி, சுட்டவங்கள்ல யார் யார் இருந்தாங்க, யார் சொல்லி சுட்டாங்கங்கிறதுல இன்னைக்கும் ஒத்த கருத்து இல்ல. மே 21லேர்ந்து 28 வரைக்கும் வெர்சாய் ராணுவம் நகரத்துக்குள்ள புகுந்து நடத்தின படுகொலையை ரத்த வாரம்னு சொல்றாங்க, அதுல செத்தவங்க 20,000னும் அதுக்கும் மேலன்னும் ரொம்ப காலமா எழுதி வந்தாங்க, பின்னாடி வந்த ஆய்வுல பத்தாயிரத்துக்கும் கீழதான்னு ஒரு கணக்கு வந்திருக்கு, சண்டை ஓயல. அந்த வாரம் துய்லேரி அரண்மனை எரிஞ்சது உறுதி. பெண்கள் மண்ணெண்ணெய் டப்பாவோட தெருத்தெருவா போய் வீடுகளுக்கு தீ வச்சாங்கங்கிறது அப்போ பத்திரிகைங்க கிளப்பிவிட்ட பீதி, அதை நம்பி எத்தனையோ ஏழைப் பெண்களை சந்தேகத்துல பிடிச்சிருக்காங்க. இப்படி கையில ஆதாரம் இல்லாத சேதியை ஃப்ரெஞ்ச்ல கொந்திசியொனேல் பாஸேல போடுவாங்க, 'லகோம்த் ஒரே தொனே லோர்த்ர் த்ருவா ஃபுவா', நம்ம தமிழ்ல "மூணு தடவை உத்தரவு போட்டாராம்". அந்த "ஆம்" அவங்களுக்கு ஒரு தனி காலம். ரேடியோவுல சேதி கேக்கும்போது கவனிங்க, கைதானவர் பத்தி, விபத்து பத்தி சொல்லும்போது தினமும் வரும். இதை புரிஞ்சுக்காம "நடந்தது"ன்னு எடுத்துக்கிட்டா சேதியே மாறிடும்.

எப்படி படிக்கணும்னு கேட்டீங்க. மார்ச் 18 பத்தி ஒரே ஒரு பக்கம் எடுத்துக்கங்க, அதுக்கு மேல வேண்டாம். வினைங்களை மட்டும் அடிக்கோடு போட்டு, கதையை நகர்த்துறது ஒரு நிறம், நிலைமை ஒரு நிறம், அதுக்கும் முந்தினது ஒரு நிறம்னு பிரிங்க. பிறகு புத்தகத்தை மூடிட்டு, ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு சொல்ற மாதிரி பாஸே ஸாம்ப்லை எல்லாம் பாஸே கொம்போஸேவா மாத்தி வாய்விட்டு சொல்லுங்க, எழுதுறதுக்கு முன்னாடி சொல்றது ரொம்ப முக்கியம். அப்புறம் அதே காலையை வேற ஒரு ஆளா இருந்து எழுதுங்க, சுட மறுத்த ஒரு சிப்பாயா, இல்ல ரொட்டி வரிசைல நின்ன ஒரு பெண்ணா, "நான்"னு ஆரம்பிச்சு. பி1 எழுத்துத் தேர்வுல 45 நிமிஷத்துல குறைஞ்சது 160 வார்த்தை கேப்பாங்க, அனுபவத்தை சொல்லி உங்க உணர்வையும் கருத்தையும் சேர்க்கச் சொல்லுவாங்க, அதனால அதே அளவுலயே எழுதிப் பழகுங்க. ஆள் மாறும்போது சில வினைங்களோட காலமும் மாறுறதை கவனிப்பீங்க. ஜனங்க வந்தது லகோம்துக்கு திடீர் சம்பவம், ஏற்கனவே கூட்டத்துக்குள்ள இருந்த பெண்ணுக்கு அது சுத்தி நடந்துக்கிட்டு இருந்த நிலைமை. ரெண்டும் சரிதான், அதனாலதான் பயிற்சிப் புத்தகத்துல கோடிட்ட இடம் நிரப்புறது மட்டும் போதாதுன்னு சொல்றேன், அங்க ஒரே விடைதான் இருக்கும், நிஜத்துல யார் கண்ணால பாக்குறீங்கங்கிறதைப் பொறுத்து ரெண்டு விடை இருக்கும்.

இந்த முறையால ஆகாததையும் சொல்லிடணும். வினை திரிபு தெரியாதவங்களுக்கு இது உதவாது, உங்களுக்கு தெரியும்ங்கிறதால சொல்றேன். வரலாறு படிச்சா கிடைக்கிற சொல்லுங்க பீரங்கி, முற்றுகை, சட்டசபை மாதிரிதான், ப்ரெஃபெக்சர் (அரசு அலுவலகம்) கவுன்ட்டர்லயோ டாக்டர் கிட்டயோ பேச வேண்டிய சொல்லு இதுல வராது, அதுக்கு தனியா உழைக்கணும். கேட்டுப் புரிஞ்சுக்கறதுக்கும் இது அவ்வளவா கைகொடுக்காது. வாரத்துல ஒரு நாளை இதுக்கு ஒதுக்கிட்டு மீதி நாள்ல வழக்கமான பி1 பாடத்தை விடாம பாருங்க, சம்பவம் சொல்ற பயிற்சியில மட்டும் வித்தியாசம் சீக்கிரமே தெரியும்.

லா ஷப்பெல்லேர்ந்து மோன்மார்த்ர் மேடு நடக்குற தூரம்தான். அங்க இப்போ நிக்கிற ஸாக்ரே-கேர் பெரிய கோயிலை 1875லதான் கட்ட ஆரம்பிச்சாங்க, பீரங்கிங்களை வச்சிருந்தது அந்த மேட்டு மேலதான். கோயிலுக்கு கீழ இருக்கிற பூங்காவுக்கு லூயிஸ் மிஷெல் பேரு வச்சிருக்காங்க. லீவு நாள்ல எழுதினதை எடுத்துட்டு போய் அந்த படிக்கட்டுல உக்காந்து வாய்விட்டு படிச்சுப் பாருங்க, 'மோன்தே', 'தெஸான்த்யூ' ரெண்டும் எங்க எத்ர் எங்க அவுவார்ங்கிறது அதுக்கப்புறம் மறக்காது. இது கைவந்துட்டா அடுத்ததா 1789 அக்டோபர் 5, 6 ரெண்டு நாளை எடுத்துக்கங்க, ரொட்டி கேட்டு பாரிஸ் பெண்கள் மழையில வெர்சாய் வரைக்கும் நடந்து போய் மறுநாள் ராஜாவையும் ராணியையும் பாரிஸுக்கே கூட்டிட்டு வந்த கதை. மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, 'இல் ப்லெவே', அங்கேர்ந்து ஆரம்பிங்க. 160 வார்த்தை எழுதி இங்கயே போடுங்க, எந்த வினை ஏன் மாறணும்னு ஒவ்வொண்ணா பாத்து சொல்றேன்.